ஹரி பொட்டரை மறுபடி தொடராக எடுப்பது தேவையா?

தட்டாதெருவான் | 8 நவம்பர் 2025, இரவு 9.20

ஹரி பொட்டரை அமெரிக்காவின் எச்பிஓ நிறுவனம் தொலைக்காட்சித் தொடராக எடுக்கிறது. 2023 ஏப்ரலில் அறிவித்தார்கள். இந்த வருடம் யூலையில் படப்பிடிப்பும் தொடங்கிவிட்டது. பழைய படங்களை எடுத்த அதே லீவ்ஸ்டன் ஸ்ரூடியோவில்தான் இதையும் எடுக்கிறார்கள். ஒரு புத்தகத்துக்கு ஒரு சீசன் என்பது திட்டம். முழுதும் முடியப் பத்து வருடம் ஆகலாம்.

நான் இது வேண்டும் என்கிற பக்கம். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

2006 ஓகஸ்டில் போரால் யாழ்ப்பாணத்துக்கான ஏ9 பாதையை மூடியபோது எனக்குப் பதினொரு வயது. அதற்கு முன்பே நாலு படத்தையும் டிவிடியில் பார்த்துவிட்டேன். ஐந்தாவது படம் 2007 யூலையில் வெளிவந்தது. யாழ்ப்பாணத்தில் அப்போது அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்றுகொண்டிருந்தோம், டிவிடிக்கு எங்கே போவது? ஆனால் பக்கத்து வீட்டு அக்கா ஒருவர் கொழும்பிலிருந்து கப்பலில் வரும்போது ஐந்தாவது புத்தகத்தைக் கொண்டுவந்தார். 766 பக்கம். ஊரடங்கு நேரம் முழுக்க அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு வருடத்துக்கு மேலாக வாசித்தேன். என் ஆங்கிலம் அந்தப் புத்தகத்தில்தான் பிறந்தது.

பாதை திறந்த பிறகு, 2009 இல், அந்தப் படத்தைப் பார்த்தேன். 138 நிமிடம். நான் ஒரு வருடமாக வாழ்ந்த வீட்டை யாரோ வேலிக்கு வெளியே நின்று காட்டியது போல இருந்தது. முதற் புத்தகம் 223 பக்கம், அதற்குப் படம் 152 நிமிடம். அதைவிட மூன்று மடங்குக்கும் மேலான புத்தகத்துக்கு அதைவிடச் சின்னப் படம்! எட்டுப் படத்தையும் சேர்த்தாலே 20 மணித்தியாலம் வராது.

அதனால் எனக்கு இந்தத் தொடர் வேண்டும். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

பருத்தித்துறை_காற்று | 8 நவம்பர், இரவு 10.05

அண்ணை, உங்கள் கதை மனதைத் தொட்டது. ஆனாலும் நான் முழுக்க எதிர்ப் பக்கம்.

நான் கல்யாண வீடுகளுக்கு வீடியோ எடுத்து எடிட் செய்கிறவன். எட்டு மணித்தியாலம் எடுத்ததை நாற்பது நிமிடமாக வெட்டுவது என் வேலை. வெட்டும்போதுதான் ஒரு வீடியோவுக்கு உயிர் வரும். தாலி கட்டும்போது பெண்ணின் தகப்பன் கண்ணைத் துடைக்கிற மூன்று விநாடி போதும். அவர் காலையிலிருந்து ஓடித் திரிந்ததை முழுக்கக் காட்டினால் யாரும் அழமாட்டார்கள். மூன்றாவது படத்தை அல்போன்சோ குவாரோன் எடுத்தார். புத்தகத்திலிருந்து நிறைய விட்டார், ஆனால் அந்தக் குளிரும் பயமும் படம் முழுக்க நிற்கிறது. ‘எல்லாவற்றையும் காட்டுவோம்’ என்று இறங்குகிற தொடரில் அந்த இறுக்கம் வராது.

நீட்டினால் என்ன நடக்கும் என்று நாம் பார்த்தும் இருக்கிறோம். ‘த ஹொபிட்’ ஒரு சின்னச் சிறுவர் புத்தகம். அதை 2012 இலிருந்து 2014 வரை மூன்று படமாக இழுத்தார்கள். நேரம் கூடியது, கதை மெலிந்தது.

பிறகு, ஹரியின் ஆசிரியர் ஸ்னேப்பாக நடித்த அலன் றிக்மன். அவர் 2016 இல் இறந்துவிட்டார். ஸ்னேப் என்றால் எனக்கு அவருடைய குரல்தான். அந்த இடத்தில் இன்னொருவரை வைத்துப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. கடைசிப் படம் வந்து 14 வருடம்தான் ஆகிறது. அந்தப் படங்கள் பழசாகவும் இல்லை, கெட்டுப்போகவும் இல்லை. தெரிந்த பெயருக்கு ஆட்கள் காசு கொடுப்பார்கள் என்பது தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

வெள்ளைப்பூனை | 8 நவம்பர், இரவு 11.30

நாளைக்கு அசைன்மென்ட் கொடுக்க வேண்டும், ஆனால் இதை விட்டுவிட்டுப் போக முடியவில்லை.

பருத்தித்துறை அண்ணா, படம் முதலில் வந்து தொடர் பிறகு வந்த மற்றவற்றைப் பார்க்கலாமே. ‘த கோல்டன் கொம்பஸ்’ 2007 இல் படமாக வந்தது. புத்தகத்தின் கடைசி அத்தியாயங்களை விட்டுவிட்டு முடித்தார்கள், அடுத்த பாகம் வரவே இல்லை. 2019 இலிருந்து 2022 வரை அதையே மூன்று சீசனாக எடுத்து மூன்று புத்தகத்தையும் முடித்தார்கள். பேர்சி ஜக்சனின் மூலக் கதை ஐந்து புத்தகம். 2010 இல் ஒன்று, 2013 இல் ஒன்று என்று இரண்டு படத்தோடு நின்றது. புத்தகத்தில் பேர்சிக்கு 12 வயது, படத்தில் உயர்தரம் படிக்கிற பெடியன் மாதிரி. 2023 டிசம்பரில் தொடங்கிய தொடரில் எழுத்தாளரே சேர்ந்து வேலை செய்கிறார், பிள்ளையும் பிள்ளையாக இருக்கிறான்.

ஆனால் நேர்மையாகச் சொன்னால், இந்த இரண்டும் தட்டாதெரு அண்ணாவின் பக்கத்தை முழுக்கத் தாங்கவில்லை. அங்கே படங்கள் தோற்றவை, அல்லது பாதியில் நின்றவை. தொடர் ஒரு கடனை அடைத்தது. ஹரி பொட்டர் படங்கள் வென்றவை, முடிந்தவை. அதனால் இங்கே கேள்வி கடினம்.

ஸ்னேப் பற்றி ஒன்று. முதற் புத்தகத்தில் ஸ்னேப்புக்கு 31 வயது. முதற் படம் வந்தபோது றிக்மனுக்கு 55. இப்போது நடிக்கிற பாப்பா எசியடுவுக்கு 35. ஹரியின் தாய் தகப்பனோடு ஒரே வகுப்பில் படித்தவர் ஸ்னேப். அவர்கள் இறக்கும்போது அவர்களுக்கு 21 வயதுதான். ஸ்னேப்பின் கோபம் இருபதுகளில் காய்ந்து இறுகிப்போன ஒரு இளைஞனின் கோபம். அது படத்தில் எனக்குக் கிடைக்கவே இல்லை. எசியடு கறுப்பினத்தவர் என்பதற்காக மட்டும் இணையத்தில் கத்துகிறவர்களை நான் கணக்கெடுக்கவில்லை. அண்ணா அப்படிச் சொல்லவில்லை என்பதும் தெரியும்.

நாவற்குழி | 9 நவம்பர், காலை 6.50

‘பார்கோ’வை மறந்துவிட்டீர்கள். 1996 படம், 2014 இல் தொடர், ஐந்து சீசன் வந்துவிட்டது. அடியில் புத்தகமே கிடையாது. படத்தைத் திருப்பி எடுக்காமல் அதே குளிர், அதே மண், அதே மாதிரி மனிதர்களை வைத்து வேறு கதை சொன்னார்கள். எனக்கு அந்த வழிதான் பிடிக்கும்.

இணுவிலான் | 9 நவம்பர், மாலை 4.15

பிள்ளைகளே, எனக்கு 67 வயது. இந்தப் படங்களைப் பேரப்பிள்ளைகளோடு இருந்து பார்த்தவன். புத்தகம் வாசித்ததில்லை. ஆனால் நீங்கள் கதைக்கிற விஷயம் எனக்குப் புதிது இல்லை.

எங்கள் கோயிலில் போன மாதம் கந்தசஷ்டி. கடைசி நாள் சூரன் போர். வீதி நிறையச் சனம். சூரன் வருகிறான், யானைத் தலை, சிங்கத் தலை என்று தலை மாறுகிறது, வேல் படுகிறது, மாமரம் பிளக்கிறது, சேவலும் மயிலும் பறக்கின்றன. இரண்டு மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன், இன்னும் வேல் பாய்கிற நேரம் உடம்பு சிலிர்க்கிறது. பருத்தித்துறைத் தம்பி சொல்கிற அந்த இறுக்கம் அதில் இருக்கிறது.

அதே கோயிலில் கந்தபுராண படனமும் நடக்கும். ஒருவர் பாட்டை வாசிப்பார், மற்றவர் பயன், அதாவது பொருள், சொல்லுவார். கச்சியப்ப சிவாசாரியார் பாடியது 10,345 பாட்டு. வாரக்கணக்காகப் போகும். முன்னுக்குப் பத்துப் பதினைந்து பேர் இருப்போம், அதிலும் பாதிப்பேர் கிழவர்கள். ஆனால் சூரன் யார் என்று எனக்குத் தெரிந்தது அங்கேதான். அசுரகாண்டத்தில் மாயை என்ற தாய் வருகிறாள். காசிபர் என்ற முனிவரிடம் அவளை அனுப்பி, இப்படியான பிள்ளைகளைப் பெற வைத்ததற்குப் பின்னால் ஒரு திட்டம் இருக்கிறது. சிங்கமுகன் தமையனிடம், ‘தேவர்களைச் சிறைவிடு, இந்தச் சண்டை வேண்டாம்’ என்று மன்றாடுகிறான். தமையன் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் தமையனை விட்டுப் போக முடியாமல் போர்க்களத்துக்கு வந்து சாகிறான். வீதியில் சிங்கத் தலையைப் பார்க்கிற பிள்ளைக்கு இது தெரியாது. அது ஒரு தலை, விழுந்துவிடும், அவ்வளவுதான்.

பயன் கேட்ட பிறகு சூரன் போர் பார்த்தால், சிங்கமுகன் விழுகிற இடத்தில் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

அதனால் என்னைக் கேட்டால், ஒன்று இருக்கிறது என்பதற்காக மற்றது வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. சூரன் போர் முடிந்துவிட்டது, இனிப் புராணம் எதற்கு என்று கோயிலில் கேட்டால் என்ன சொல்லுவார்கள்?

தட்டாதெருவான் | 9 நவம்பர், மாலை 5.02

இணுவில் ஐயா, இதை நான் சொல்லத் தெரியாமல் இருந்தேன்.

நீங்கள் மாயையைச் சொன்னதும் எனக்கு ஆறாவது புத்தகம் ஞாபகம் வந்தது. அதில் வில்லன் வோல்டமோட்டின் தாய் வருகிறாள், மெரோப்பி என்று பெயர். தகப்பனும் தமையனும் மிதித்து வளர்த்த பெண். அழகில்லை, படிப்பில்லை, அன்பென்பதைக் கண்டதில்லை. ஒரு பணக்காரப் பையனுக்கு வசிய மருந்து கொடுத்துத்தான் தன்னோடு வைத்திருக்கிறாள். மருந்தை நிறுத்தியதும் அவன் போய்விடுகிறான். பிள்ளையைச் சுமந்தபடி தன் கழுத்துச் சங்கிலியை அடிமாட்டு விலைக்கு விற்று, ஒரு அநாதை இல்லத்தில் பிள்ளையைப் பெற்றுவிட்டு இறந்துபோகிறாள். உலகத்தை நடுங்க வைத்தவன் எங்கிருந்து வந்தான் என்பதற்கு அந்தப் புத்தகத்தின் பதில் அவள்தான்.

படத்தில் அவள் இல்லை. ஒரு காட்சிகூட இல்லை. சூரன் தலை மட்டும்தான் வந்தது.

பருத்தித்துறை_காற்று | 9 நவம்பர், இரவு 8.40

ஐயா, உங்களுக்கு மரியாதையோடு ஒரு மறுப்பு.

புராண படனத்தில் வாசிக்கிறவரும் பயன் சொல்கிறவரும் எவ்வளவு வாங்குகிறார்கள்? பத்துப் பேர் வந்தாலும் அவர்கள் நிறுத்துவதில்லை. அதுதான் அதன் பலம். தொடர் அப்படி இல்லை. பத்துப் பேர்தான் பார்க்கிறார்கள் என்றால் அடுத்த வருடம் நிறுத்திவிடுவார்கள். ‘வெஸ்ட்வேர்ல்ட்’ 1973 படத்திலிருந்து வந்த தொடர், நல்லாகத்தான் தொடங்கியது. ஐந்தாவது சீசனோடு முடிக்க நினைத்திருந்தார்கள், நாலாவதோடு 2022 இல் நிறுத்தப்பட்டது. செய்தவர்கள் இதே எச்பிஓ. ‘வில்லோ’ என்ற பழைய படத்தின் தொடர் 2022 கடைசியில் வந்தது, ஒரே சீசன், சில மாதத்தில் தளத்திலிருந்தே எடுத்துவிட்டார்கள். இன்றைக்குப் பார்க்க நினைத்தாலும் அங்கே இல்லை.

இப்போது தட்டாதெரு அண்ணை சொன்ன கணக்கையே எடுங்கள். 223 பக்கம், 152 நிமிடம். அதாவது முதற் புத்தகம் படத்திலேயே போதுமான அளவு வந்துவிட்டது. இரண்டாவதும் அப்படித்தான். தொடர் உண்மையில் தேவைப்படுவது நாலாவது, ஐந்தாவது, ஆறாவது புத்தகங்களுக்கு. ஆனால் அவர்கள் ஒன்றிலிருந்துதான் தொடங்க வேண்டும். நமக்குத் தெரிந்த முதல் இரண்டு கதையையும் சனம் மறுபடி பார்த்து, அலுக்காமல் இருந்தால்தான் உங்கள் மெரோப்பி வருவாள். அலுத்துவிட்டால் அவள் இந்தமுறையும் வரமாட்டாள். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை.

வெள்ளைப்பூனை | 9 நவம்பர், இரவு 9.15

இது நல்ல வாதம். எனக்கு உடனே பதில் இல்லை.

பிள்ளைகளின் வயதும் இருக்கிறது. ‘ஸ்ரேஞ்ஜர் திங்ஸ்’ 2016 இல் தொடங்கியது, ஐந்தே சீசன், இந்த மாதம்தான் கடைசி சீசன் வருகிறது. கதையில் நாலைந்து வருடம், வெளியே ஒன்பது வருடம். பன்னிரண்டு வயதில் வந்த பிள்ளைகள் இருபது தாண்டிவிட்டார்கள். படங்கள் 2001 இலிருந்து 2011 வரை எட்டையும் முடித்தபடியால் ஹரியும் நடிகரும் கிட்டத்தட்ட ஒன்றாக வளர்ந்தார்கள். நாம் அவர்கள் வளர்வதைப் பார்த்தோம் என்பதுதான் அந்தப் படங்களின் பெரிய அழகு. தொடருக்குச் சீசன் ஒன்றுக்கு இரண்டு வருடம் எடுத்தால் அது கெட்டுவிடும்.

மற்றது, புத்தகங்களை எழுதிய ரோலிங். அவர் இந்தத் தொடரின் நிர்வாகத் தயாரிப்பாளர்களில் ஒருவர். திருநர்கள் பற்றி அவர் சொல்லிவருகிற கருத்துகளால் என் நெருங்கிய தோழி ஒருத்தி இதைப் பார்க்கப் போவதில்லை என்று முடிவெடுத்துவிட்டாள். படத்தில் நடித்தவர்களே அவரோடு உடன்படவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். நான் அந்தப் புத்தகங்களோடு வளர்ந்தவள். தோழியின் வலியும் எனக்குப் பெரிது. இரண்டையும் வைத்துக்கொண்டு நிற்கிறேன். தேவையா என்று கணக்குப் பார்க்கும்போது இதையும் வெளியே விடக்கூடாது என்பதற்காகச் சொன்னேன்.

மல்லிகை_சுன்னாகம் | 10 நவம்பர், காலை 10.10

நான் ஒரு தாயாகக் கதைக்கிறேன். மகளுக்கு ஒன்பது வயது, அடுத்த வருடம் புலமைப்பரிசில்.

போன விடுமுறையில் அவளோடு முதல் நாலு படத்தையும் பார்த்தேன். முதல் இரண்டையும் சிரித்துச் சிரித்துப் பார்த்தாள். மூன்றாவதில் மந்திர வரைபடம் ஒன்று வருகிறது அல்லவா, யார் எங்கே நிற்கிறார்கள் என்று காட்டும். ‘அம்மா, இதை யார் கீறினது?’ என்று கேட்டாள். எனக்கு விடை தெரியவில்லை. படம் முடியும் வரை பார்த்தோம், அதில் சொல்லவே இல்லை. பிறகு தம்பியிடம் கேட்டேன். ஹரியின் தகப்பனும் அவருடைய மூன்று நண்பர்களும் கீறியது என்றான். அதாவது அந்தப் பிள்ளை கையில் வைத்திருந்தது தகப்பன் கைபட்ட பொருள்! இதைச் சொல்லாமல் எப்படி விட்டார்கள்? பருத்தித்துறைத் தம்பி, நீர் புகழ்கிற படம் அதுதான். மகளுக்குச் சொன்னதும் அந்தக் காட்சியை மறுபடி போடச் சொல்லிப் பார்த்தாள்.

எனக்குத் தொடர் பிடிக்கிற காரணம் வேறு. ஒரு படம் என்றால் இரண்டரை மணித்தியாலம் ஒரே இருப்பில் இருக்க வேண்டும். வகுப்பு, ரியூசன், வீட்டுவேலை என்று பிள்ளைக்கு அந்த நேரம் கிடைப்பதில்லை. கிழமைக்கு ஒரு எபிசோட் என்றால் ஞாயிறு பின்னேரம் இருவரும் இருந்து பார்க்கலாம், அடுத்த கிழமை வரை அதைப் பற்றியே கதைக்கலாம். என் அம்மம்மா வானொலி நாடகம் கேட்டுவிட்டுக் கிழமை முழுக்கக் கிணற்றடியில் அதைக் கதைப்பார்.

பத்து வருடம் என்கிறீர்கள். அது முடியும்போது இவள் உயர்தரம் எழுதி முடித்திருப்பாள். நினைக்க ஒரு மாதிரி இருக்கிறது.

பருத்தித்துறை_காற்று | 10 நவம்பர், மதியம் 12.30

அக்கா, வரைபட விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி. அது அந்தப் படத்தின் குறைதான், ஒப்புக்கொள்கிறேன். அரை நிமிட வசனத்தில் சொல்லியிருக்கலாம். ஆனால் அரை நிமிடக் குறைக்குப் பத்து வருடத் தொடரா?

இணுவிலான் | 10 நவம்பர், மாலை 6.45

றிக்மன் பற்றித் தம்பி சொன்னது காலையிலிருந்து மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்குப் பதில் சொல்லாமல் விடக்கூடாது.

எங்கள் நாடக மேடைக்கு நடிகமணி வைரமுத்து இருந்தார். அரிச்சந்திர மயான காண்டம் என்றால் அவர்தான். சுடலையில் அரிச்சந்திரனாக நின்று அவர் பாடத் தொடங்கினால் கோயில் வீதியில் மூச்சுச் சத்தம் கேட்காது. விடிய விடிய மண்ணில் இருந்து பார்த்திருக்கிறேன். 1989 இல் அவர் இறந்தபோது, இனி மயான காண்டம் யாரும் போடக்கூடாது என்று நானே சொன்னவன். அப்போது எனக்கு 31 வயது. தம்பியின் வயதாக இருக்கும்.

சில வருடம் நான் போகவில்லை. பிறகு ஒரு திருவிழாவில் வேறு ஒருவர் அரிச்சந்திரனாக வந்தார். போகாமல் இருக்க முடியவில்லை. முதல் அரை மணித்தியாலம் எனக்குக் கேட்டது வைரமுத்துவின் குரல்தான், மேடையில் நின்றவருடையது இல்லை. பிறகு ஒரு இடம் வந்தது: சந்திரமதி செத்த பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள், அவன் சுடலைக் காவலனாக நின்று காசு கேட்கிறான். அந்த இடத்தில் புதிய ஆளின் குரல் கொஞ்சம் உடைந்தது. வைரமுத்து அங்கே உடையமாட்டார், அவர் உறுதியாக நிற்பார். அது வேறு விதமான அரிச்சந்திரன். அன்றைக்கு அழுதது வைரமுத்துவுக்காகவா இவருக்காகவா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

காத்தவராயன் கூத்தில் ஒரே இரவில் முன் காத்தான் ஒருவர், பின் காத்தான் இன்னொருவர். ஆள் மாறினாலும் சனம் காத்தானைத்தான் பார்க்கும். உங்கள் படத்திலும் அந்தத் தாடிக் கிழவர் மாறினாரே?

வெள்ளைப்பூனை | 10 நவம்பர், இரவு 7.20

ஓம் ஐயா, டம்பிள்டோர். முதல் இரண்டு படத்தில் றிச்சர்ட் ஹரிஸ், அவர் 2002 இல் இறந்த பிறகு மைக்கேல் கம்பன். கம்பனும் 2023 இல் போய்விட்டார். தொடரில் ஜோன் லித்கோ. நான் கம்பனோடு வளர்ந்தவள், என் அண்ணா ஹரிஸ் தவிர வேறு யாரையும் ஏற்கமாட்டான். வீட்டில் இன்னும் சண்டை.

பருத்தித்துறை_காற்று | 10 நவம்பர், இரவு 9.50

ஐயா, அந்தக் குரல் உடைந்த இடத்தை வாசித்துவிட்டுக் கொஞ்சநேரம் சும்மா இருந்தேன்.

றிக்மன் விஷயத்தில் நான் சொன்னதைத் திரும்ப எடுக்கிறேன். இன்னொருவர் நடிக்கக்கூடாது என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. நான் பார்க்காமல் இருக்கலாம், அது என் பாடு.

ஆனால் நேரம், காசு பற்றிச் சொன்னதில் நிற்கிறேன். ஒரு தெரிந்த பெயருக்குப் பத்து வருடமும் அவ்வளவு பணமும் போகும்போது, இன்னும் யாரும் படமாக்காத கதைகளின் இடம் குறைகிறது. நான் இங்கே குறும்படம் எடுக்க அலைகிறவன். நம்முடைய கதைகளில் எத்தனையோ ஒருமுறைகூடத் திரைக்கு வரவில்லை. இடம்பெயர்வு, கடல், பனங்காடு, சங்கக்கடை வரிசை... தட்டாதெரு அண்ணை கப்பலில் வந்த புத்தகத்தை ஊரடங்கில் வாசித்ததே ஒரு படம். எட்டுத் தரம் எடுத்த கதையை மறுபடி எடுக்கிறார்கள் என்று கேட்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. அது அந்தத் தொடரை எடுப்பவர்களின் பிழை இல்லை என்று தெரியும். தெரிந்தும் வருகிறது.

நாவற்குழி | 11 நவம்பர், காலை 7.05

கோபம் நியாயம் தம்பி. ஆனால் அவர்கள் இதை எடுக்காவிட்டாலும் அந்தக் காசு பருத்தித்துறைக்கு வரப்போவதில்லை. நீர் எடும். கமரா தேவையென்றால் சொல்லும், என்னிடம் ஒன்று சும்மா கிடக்கிறது.

தட்டாதெருவான் | 11 நவம்பர், இரவு 10.40

மூன்று நாளாக யோசித்துவிட்டு எழுதுகிறேன். தம்பி சொன்ன கணக்கு சரி. முதல் இரண்டு சீசனும் நமக்குப் புதிதாக எதையும் தராமல் போகலாம். நடுவில் நின்றும் போகலாம். அப்படியிருந்தும் நான் ஏன் இது வேண்டும் என்கிறேன் என்றால், ஒரு காட்சிக்காக.

ஐந்தாவது புத்தகத்தில் ஒரு ஆஸ்பத்திரி வருகிறது. ஹரியும் நண்பர்களும் வேறு ஒருவரைப் பார்க்கப் போய், தற்செயலாக, நிரந்தர நோயாளிகள் இருக்கிற வாட்டுக்குள் போய்விடுகிறார்கள். அங்கே அவர்களுடைய வகுப்பில் படிக்கிற நெவில், அப்பம்மாவோடு நிற்கிறான். எல்லோரும் மந்தம் என்று நினைக்கிற பையன். திரைக்குப் பின்னால் அவனுடைய அப்பாவும் அம்மாவும். போர் ஓய்ந்த கையோடு எதிரிகள் சித்திரவதை செய்து புத்தி பேதலித்தவர்கள். மகனை அடையாளம் தெரியாது. இதை நெவில் யாருக்கும் சொன்னதில்லை.

அம்மா மெல்ல நடந்து வருகிறாள். தலைமயிர் வெளுத்துவிட்டது. மகனின் கையில் எதையோ வைக்கிறாள். பபிள்கம் சுற்றின வெறும் தாள். அப்பம்மா ‘குப்பையில் போடு, இப்படி எத்தனை தந்திருப்பாள்’ என்கிறார். நெவில் ‘நன்றி அம்மா’ என்று சொல்லி, யாருக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டு, அந்தத் தாளைச் சட்டைப் பைக்குள் வைக்கிறான்.

இதை நான் வாசித்தது 2008 இல். என் வகுப்பில் ஒருவன் இருந்தான். பெயர் சொல்லமாட்டேன். அவனுடைய அம்மா வாசலில் இருந்து ஒழுங்கையைப் பார்த்துக்கொண்டே இருப்பார். மூத்த மகன் வருவான் என்று. நாங்கள் விளையாடப் போனால் எங்களில் ஒருவரைப் பிடித்து அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். இவன் வந்து மெல்லக் கையை விடுவிப்பான். எங்கள் முகத்தைப் பார்க்கமாட்டான். அவனுக்கு வெட்கம் என்று நான் நினைத்திருந்தேன். நெவில் அந்தத் தாளைப் பைக்குள் வைத்த பக்கத்தை வாசித்த பிறகு அது வெட்கம் இல்லை என்று தெரிந்தது. அடுத்த நாள் அந்த வீட்டுக்குப் போனேன். அவர் என்னைப் பிடித்தார். நானும் ‘ஓம் அம்மா’ என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் இருந்தேன்.

படத்தில் அந்த ஆஸ்பத்திரி இல்லை. நெவில் தன் தாய் தகப்பனைப் பற்றிச் சில வரி சொல்வான், அதோடு சரி. 138 நிமிடத்துக்குள் அது அடங்கவில்லை என்பது எனக்குப் புரிகிறது. எடிட் செய்கிற தம்பிக்கு என்னைவிட நன்றாகப் புரியும். கதையின் முடிச்சுக்கு அந்தக் காட்சி தேவையே இல்லை. எடுத்துவிட்டால் ஒன்றும் குலையாது. ஆனால் எனக்கு அந்தப் புத்தகமே அந்தத் தாள்தான். நேரம் நிறைய இருக்கிற இடத்தில்தான் இப்படியான ஒன்று தப்பி நிற்கும்.

மல்லிகை_சுன்னாகம் | 11 நவம்பர், இரவு 11.15

அண்ணா, எங்கள் ஒழுங்கையிலும் அப்படி ஒரு அம்மா இருந்தார்.

பருத்தித்துறை_காற்று | 12 நவம்பர், அதிகாலை 12.30

எடிட் செய்கிறவனாகச் சொல்கிறேன், அந்தக் காட்சியை நான் வெட்டியிருக்கமாட்டேன். வேறு பத்து நிமிடத்தை எடுத்திருப்பேன். மந்திரச் சண்டையில் கொஞ்சம் குறைத்திருக்கலாம்.

தொடர் தேவையில்லை என்று இன்னும் நினைக்கிறேன். ஆனால் ஐந்தாவது சீசன் வந்தால் அதைப் பார்ப்பேன்.

இணுவிலான் | 12 நவம்பர், மாலை 5.30

தட்டாதெருத் தம்பி, உம்முடைய எழுத்தை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் எழும்பிக் குசினிக்குள் போய்விட்டார்.

அந்த ஐந்தாவது சீசன் வர எத்தனை வருடம் ஆகும்?

தட்டாதெருவான் | 12 நவம்பர், மாலை 6.10

வருடத்துக்கு ஒன்று என்றாலே ஐந்து வருடத்துக்கு மேல் ஐயா. இரண்டு வருடத்துக்கு ஒன்று என்றால் பத்து.

புத்தகம் என்னிடம் இருக்கிறது. அட்டை போய்விட்டது, கப்பலில் வந்த அதே புத்தகம்தான். நீங்கள் சம்மதித்தால் ஞாயிறு இணுவிலுக்கு வருகிறேன். அந்த அத்தியாயத்தை ஆங்கிலத்தில் வாசித்துத் தமிழில் பயன் சொல்கிறேன். அம்மாவும் கேட்கலாம்.

இணுவிலான் | 12 நவம்பர், மாலை 6.25

நாலு மணிக்குப் பிறகு வாரும். முன்னுக்கு என்ன நடந்தது என்று தெரியாமல் அந்த அத்தியாயத்தை மட்டும் கேட்டால் சரிவராது. முதலிலிருந்து தொடங்கும்.